என் படுக்கையறையில் வளர்ந்த கல்யாணப் பூ

நைட் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வருகிறவனுக்கு இந்த உலகத்தில் இரண்டே இரண்டுதான் வேண்டும். ஒன்று இருட்டு. இன்னொன்று குளிர்ச்சி. மற்றதையெல்லாம் தூங்கி எழுந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

அன்று காலையும் அப்படித்தான் வந்தேன். மழைக்காலம் இன்னும் தொடங்காத சமயம். கம்பெனி பஸ் கும்மிடிப்பூண்டி பைபாஸில் இறக்கிவிட்டது. வீட்டுக்கு வந்து காலைக் கழுவி, இட்லியை மென்றும் மெல்லாமலும் விழுங்கிவிட்டு, பாதிக் கண்ணை மூடிக்கொண்டே படுக்கையறைக் கதவைத் தள்ளினேன். உள்ளே பட்டப்பகலாக இருந்தது.

கட்டிலை ஒட்டி இஸ்திரி மேசை போட்டிருந்தது. அதன்மேல் வரிசையாகப் பிளாஸ்டிக் தட்டுகள். தட்டுகளுக்கு ஒரு சாண் உயரத்தில் புத்தம்புது ட்யூப்லைட் ஒன்று, ஜன்னல் கம்பிக்கும் பீரோ கைப்பிடிக்கும் குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. ஏசி வேறு எனக்கு முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஆளில்லாத அறையில் ஏசி ஓடுவதை எங்கள் வீட்டில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினேன்.

"யோவ்! லைட்ட நிறுத்தாத!"

அடுப்படியிலிருந்து வந்தது என் மனைவி ரூபியின் குரல். சுவருக்கு அந்தப் பக்கம் நின்றாலும் என் கை எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

"தூங்கணுமே."

"தூங்கேன். யாரு வாணான்னா? லைட்டு எரியணும், ஏசி ஓடணும். அவ்ளோதான்."

"யாருக்கு?"

"விதைக்கு."

குனிந்து பார்த்தேன். ஈரமான தேங்காய்நார்த் தூளைத் தவிர ஒன்றையும் காணோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். கடுகில் பாதிகூட இல்லாத புள்ளிகள் அங்கங்கே தெரிந்தன.

"கிட்ட போயி மூச்சு வுடாத, பறந்துடப் போவுது" என்றாள் ரூபி, கையில் கரண்டியோடு வாசற்படியில் நின்றபடி. "லிசியாந்தஸ் பூவு. இதுக்குக் குளிரும் வோணும், வெளிச்சமும் வோணும். நம்ம ஊட்ல குளிரு கீற எடம் இது ஒண்ணுதான்."

எனக்குக் குளிரும் இருட்டும் வேண்டும். அதற்குக் குளிரும் வெளிச்சமும் வேண்டும். இருப்பதோ ஒரே அறை. வந்த கோபத்தில் அன்று நான் சொன்னதையெல்லாம் பத்திரிகையில் எழுத முடியாது.

கொஞ்ச வாரமாக இந்தப் பக்கத்தில் ஃபர்னஸ் கதையாகவே எழுதிக்கொண்டிருக்கிறேன். ரோலிங் மில்லில் இரும்புக் கட்டிகளைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சியவனுக்கு வேறு என்ன எழுத வரும்? போன வாரத்தைப் படித்துவிட்டு ரூபி கேட்டாள்: "சூட்டப் பத்தியே எழுதிக்கினு கீறியே, என் குளிரப் பத்தி எப்ப எழுதுவ?" கேட்டது நியாயம்தான். இந்த வாரம் அவளுடையது.

மூச்சுக்குள் ஒரு விசில்

எங்களுக்கு ஒரே பெண், எஸ்தர். சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. கேள்விப்படுகிறவர்கள் எல்லோரும் எங்கள் ஊர்க் காற்றைத்தான் குறை சொல்வார்கள். காயப்போட்ட வெள்ளைச் சட்டையை உதறாமல் மடிக்க முடியாத ஊர் இது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இவளுக்கு அந்தத் தூசுகூடப் பரவாயில்லை. வாசனைதான் ஆகாது. மல்லி, முல்லை, சம்பங்கி, ஊதுவத்தி, பக்கத்து வீட்டுக்காரர் வேலைக்குப் போகும்போது போடுகிற சென்ட் என்று எதுவும் ஆகாது.

ஒரு முழம் மல்லி வைத்துக்கொண்டு யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சுக்குள் சின்னதாக ஒரு விசில் கேட்கும். அதை முதலில் கேட்கிறவன் நான்தான். மெஷின் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்கிற காது இது. மூக்குதான் ஃபர்னஸ் புகையில் எப்போதோ ரிட்டயர் ஆகிவிட்டது. கருவாட்டையும் ரோஜாவையும் கண்ணால் பார்த்துத்தான் சொல்வேன்.

பள்ளிக்கூட ஆண்டுவிழாப் படங்களில் எல்லாப் பெண்களும் தலை நிறையப் பூவோடு நிற்பார்கள். எஸ்தர் மட்டும் ஒரு பிளாஸ்டிக் ரோஜாவைக் குத்திக்கொண்டு ஓரமாக நிற்பாள். அதற்காக ஒருநாளும் அழுததில்லை. "எனக்கு இன்னா நைனா, என் பூ வாடவே வாடாது" என்பாள்.

மல்லித் தோட்டத்துச் சம்பந்தம்

எஸ்தர் எங்கள் தொழிற்பேட்டையிலேயே ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். கூட வேலை பார்க்கும் ஸ்டீபனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒருநாள் வந்து நின்றாள். நல்ல பையன். அதிர்ந்து பேச மாட்டான். எங்கள் சபையைச் சேர்ந்தவர்கள்தான், ஊத்துக்கோட்டைப் பக்கம். எல்லாம் பொருந்தி வந்தது, ஒன்றைத் தவிர.

பையனின் அம்மா பாக்கியம் மல்லி விவசாயம் செய்கிறவர். வீட்டைச் சுற்றி மல்லித் தோட்டம். விடிவதற்குள் பறித்து, உட்கார்ந்து கட்டி, ஷேர் ஆட்டோவில் எடுத்துப் போய் ஊத்துக்கோட்டை பஜாரில் விற்பார். கணவர் போன பிறகு அந்தப் பூவை வைத்தே பிள்ளையை டிப்ளமா வரை படிக்க வைத்தவர். இதைக் கேட்டதும் ரூபி என்னைப் பார்த்தாள், நான் ரூபியைப் பார்த்தேன். நாட்டில் எத்தனையோ தொழில் இருக்கிறது, ஒரு எருமைப் பண்ணை வைத்திருந்தால்கூட நாங்கள் கவலைப்பட்டிருக்க மாட்டோம்.

"எங்கம்மாகிட்ட சொல்லிட்டேன் மாமா" என்றான் ஸ்டீபன். அவன் சொன்ன லட்சணம் நிச்சயத்தன்று தெரிந்தது. பொண்ணுக்கு அடிக்கடி சளி பிடிக்கும் என்று அந்த அம்மா எடுத்துக்கொண்டிருக்கிறார்.

நிச்சயத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவர் கையில் பெரிய வாழையிலைப் பொட்டலம் இருந்தது. தன் கையால் பறித்து, தன் கையால் நெருக்கி நெருக்கிக் கட்டிய மல்லி. "என் மருமவளுக்கு நான் வேற இன்னா எடுத்தாரப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே எஸ்தர் தலை கொள்ளாமல் வைத்துவிட்டார். அவ்வளவு ஆசையாக வருகிற கையை எப்படித் தடுப்பது? ரூபி எழுந்தாள், எஸ்தர் கண்ணாலேயே உட்காரச் சொன்னாள். போதகர் ஜெபம் பண்ண ஆரம்பித்தார். எனக்கு ஜெபம் காதில் ஏறவில்லை. விசிலுக்காகக் காத்திருந்தேன். ஆமென் சொல்வதற்குள் அது வந்துவிட்டது.

இன்ஹேலர் போதவில்லை. க்ளினிக்குக் கொண்டுபோய் நெபுலைசர் வைத்தோம். பாக்கியம் பெஞ்சில் உட்காராமல் சுவரோரமாகவே நின்றார். வெறுங்கையைப் புடவைத் தலைப்பில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். எஸ்தர் சரியாகி வெளியே வந்த பிறகுதான் என்னிடம் வாயைத் திறந்தார்.

"ண்ணா, தப்பா நெனச்சிக்காதீங்க. எங்க ஊடே பூவுலதான் கீது. பூ ஆவாத பொண்ணு அங்க எப்டிண்ணா மூச்சு வுடும்?"

குத்தலாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. குத்தலாகக் கேட்டிருந்தால் நன்றாக நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். கூட வந்த பெண்கள் கேட்டது வேறு தினுசு. "கல்யாணத்தன்னிக்கே பூ வெக்க முடியாத பொண்ணா?" என்று வேனில் ஏறும்போது யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. காது நன்றாக இருப்பதில் இந்த ஒரு பேஜாரும் உண்டு.

அதன் பிறகு ஊத்துக்கோட்டையிலிருந்து ஒரு போன் இல்லை. கல்யாணத்தை ஈஸ்டர் கழித்து வைத்துக்கொள்ளலாம், பிறகு இரண்டு பேரும் வேலைக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொள்ளட்டும் என்று ஸ்டீபன் மூலமாகச் செய்தி மட்டும் வந்தது. அம்மா வருவார்களா என்றால் வருவார்கள் என்றான். மனசோடு வருவார்களா என்று கேட்டதற்கு அவன் தலையைக் குனிந்துகொண்டான். எஸ்தர் அன்று சாப்பிடவில்லை.

முகத்தைப் புதைத்தாள்

அந்த லிசியாந்தஸ் பூ எங்கள் வீட்டுக்குள் முதலில் வந்தது அதற்குச் சில நாள் கழித்து. கம்பெனிக்கு யாரோ வெளிநாட்டு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். மேசைமேல் வைத்திருந்த பூவெல்லாம் விழா முடிந்ததும் குப்பைக்குப் போக இருந்தது. எஸ்தர் அதில் ஒரு கொத்தைக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டாள்.

"அடிப்பாவி, கையில இன்னாடி அது?" என்று ரூபி அலறினாள்.

"அம்மா, இரு. இதைப் பாரேன்."

ரோஜா மாதிரி அடுக்கடுக்காக இதழ்கள். ஓரத்தில் ஊதா, உள்ளே வெள்ளை. ரோஜாவைவிட மெல்லிசு, முள் கிடையாது. எஸ்தர் எங்களைப் பார்த்துக்கொண்டே அதில் முகத்தைப் புதைத்தாள். நன்றாக மூச்சை இழுத்தாள். நான் காதைத் தீட்டிக்கொண்டேன். ரூபி இன்ஹேலரைக் கையில் எடுத்துக்கொண்டாள். மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

"வாசனையே இல்ல நைனா" என்றாள். இருபத்தைந்து வயதைத் தாண்டிய பெண் ஒரு பூவுக்குள் முகத்தை வைத்ததை நாங்கள் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தோம். ரூபி அழுதுவிட்டாள். நானும்தான்.

கல்யாணத்துக்கு இதே பூ என்று அங்கேயே முடிவாகிவிட்டது. கையில் பிடிக்கும் கொத்து, தலைக்கு, மாலைக்கு எல்லாம் இதுதான். ஒரு பூக்கடையில் சொல்லி, எப்படி இருக்கிறது என்று பார்க்க அப்போதே ஒரு கட்டு வரவழைத்தோம். பெட்டியைத் திறந்ததும் எஸ்தருக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. சம்பங்கிக் கட்டோடு ஒரே பெட்டியில் வந்திருக்கிறது.

"இது ஊர்ப் பூவோடல்லாம் படுத்து எழுந்து வருது. நாமளே நம்ம ஊட்ல போட்டுக்கலாம்" என்றாள் ரூபி. பூக்கடைக்காரர் சிரித்துவிட்டார். "இது மலைப் பக்கம், பெங்களூர்ப் பக்கம் வர்ற பூவும்மா. கும்மிடிப்பூண்டி சூட்டுலயா? சான்ஸே இல்ல."

அவர் அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். என் மனைவியிடம் முடியாது என்று சொல்கிறவர்களுக்கு அவளைத் தெரியாது என்று அர்த்தம்.

குடைத் துணி

ஆக, நான் ட்யூப்லைட்டுக்கு அடியில் தூங்கப் பழகினேன். முதலில் முகத்தில் துண்டு போட்டுப் பார்த்தேன், மூச்சு முட்டியது. தலையணையைக் கவிழ்த்துப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில்கூட ஒருநாள் படுத்துப் பார்த்தேன், எழும்போது நெற்றியில் இடித்துக்கொண்டேன். கடைசியில் ரூபி ஒரு பழைய குடைத் துணியை வெட்டி, எலாஸ்டிக் வைத்துத் தைத்து, என் கண்ணில் மாட்டிவிட்டாள். கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு நான் குறட்டை விடுவதை எஸ்தர் வீடியோ எடுத்து ஸ்டீபனுக்கு அனுப்பிவிட்டாள். மருமகனிடம் மாமனாருக்கு இருக்க வேண்டிய கெத்து அன்றோடு போயிற்று.

விதைகளோ என்னைவிட நன்றாகத் தூங்கின. ஒரு மாதம் கழித்தும் இலை என் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லை. "இது எந்த வருஷத்துக் கல்யாணத்துக்கு?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் உன்னாட்டம் அவசரம் கீதா?" என்றாள். போனில் வீடியோக்கள் பார்த்து அவள் தெரிந்துகொண்டது இதுதான்: நாற்றாக இருக்கும்போது ஒருமுறை சூடு பட்டுவிட்டால், செடி செத்துப்போகாது. ஆனால் தண்டு விடாமல் தரையோடு தரையாக அப்படியே உட்கார்ந்துவிடும், பிறகு எழுப்புவது கஷ்டம். மழை நேரத்தில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஒரு தட்டு முழுக்க அப்படி உட்கார்ந்துவிட்டது.

எனக்குள் ஏதோ மாறியது அந்தத் தட்டைப் பார்த்த பிறகுதான். அனல் முன்னால் நின்று நின்று வெந்தவன் நான். சூடு தாங்காத ஒன்றின் கஷ்டம் எனக்குத் தெரியாதா? அதற்கு அப்புறம் ஷிஃப்ட் முடிந்து வந்தால் முதல் வேலையாகத் தட்டுகளைத்தான் பார்ப்பேன். கரண்ட் போனால் ரூபிக்கு முன்னால் நான் எழுந்து ஐஸ்கட்டி வைத்த பாத்திரத்தை மேசைமேல் கொண்டுபோய் வைப்பேன். குடைத் துணியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, நாற்றுகளுக்கு விசிறியிருக்கிறேன்.

கழுத்தோடு அறுப்பதா?

கார்த்திகை மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கியதும் நாற்றுகளைக் கொல்லையில் நட்டோம். என் கத்திரிச் செடிகளைப் பிடுங்கித்தான் அவற்றுக்கு இடம் கிடைத்தது. செம்மண்ணில் மணல் கலந்து மேட்டுப்பாத்தி கட்டினேன். தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும். மேலே பச்சை வலை. தண்டு சாயாமல் இருக்க, குறுக்கும் நெடுக்குமாக மீன்வலை நூல்.

அக்கம்பக்கத்தில் வந்து பார்க்காதவர்கள் இல்லை. "இன்னா செடி இது? தலைக்கா, சாமிக்கா?"

"பொண்ணு கல்யாணத்துக்கு. வாசன இல்ல."

"அப்ப இன்னாத்துக்கு?" என்று கேட்டுவிட்டு, பாவம் என்கிற மாதிரி எங்களைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

மாசி மாதம் முதல் மொட்டு வந்தது. வந்த அன்றே ரூபி அதைக் கிள்ளிப் போட்டுவிட்டாள். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. முதல் மொட்டைக் கிள்ளினால்தான் பக்கத்தில் நிறையக் கிளைக்குமாம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். ஈஸ்டர் நெருங்கும்போது எங்கள் கொல்லையில் வெள்ளையும் ஊதாவுமாக மொட்டுகள் திரண்டு நின்றன. காலையில் கதவைத் திறந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் ஆண்டவருக்கு ஒரு தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் பல் தேய்ப்பேன்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் திருவாலங்காட்டிலிருந்து என் அக்கா அன்னம்மா வந்தாள். மாலை கட்டுவதில் கெட்டிக்காரி. ரூபி கத்தரிக்கோலால் முழ நீளத் தண்டோடு பூவை வெட்டுவதைப் பார்த்து அக்காவுக்கு மனசே ஆறவில்லை.

"பூவ கிள்ளுவாங்க, பறிப்பாங்க. இப்டி கழுத்தோட அறுக்கறத நான் எங்கியும் பாத்தது இல்ல தாசு" என்றாள் என்னிடம்.

வெட்டிய பூவையெல்லாம் வாளித் தண்ணீரில் போட்டு எங்கே வைத்தோம் என்று கேட்கவே வேண்டாம். மறுபடியும் என் அறைதான். அந்த இரண்டு நாளும் கட்டிலைச் சுற்றி வாளிகள் இருந்தன, நான் பூவுக்கு நடுவில் கிடந்தேன்.

அக்காவிடம் ரூபி திரும்பத் திரும்பச் சொல்லிவைத்தாள். "அக்கா, மாலையில இந்தப் பூவத் தவிர வேற எந்தப் பூவும் சேக்கக் கூடாது. ஒரே ஒரு மல்லி கூட." அக்கா கோபித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியாதா? கொழந்தைக்கு ஆவாதுன்னா நான் சேப்பனா?"

வேனில் வந்தவர்கள்

கல்யாணத்தன்று காலை, எங்கள் சர்ச் வாசலில் நான் புது வேட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். ரூபி வீட்டில் எஸ்தருக்கு உடுத்திக்கொண்டிருந்தாள். அக்கா சர்ச்சை ஒட்டின சின்ன அறையில் இரண்டு மாலைகளையும் கட்டி முடித்து, வாழையிலையில் வைத்து மூடியிருந்தாள். மீதிப் பூ வாளியில் இருந்தது.

ஊத்துக்கோட்டை வேன் வந்தது. பாக்கியம் முதலில் இறங்கினார், பின்னால் உறவுக்காரப் பெண்கள். பட்டுப்புடவை, நகை, வளையல் என்று எல்லாம் இருந்தது. ஆனாலும் ஏதோ குறைகிற மாதிரி எனக்கு உறுத்தியது, என்னவென்று பிடிபடவில்லை. கடைசியாக இறங்கிய ஒரு பெரியம்மா என்னைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினார்.

"நல்லா கீதுப்பா உங்க சம்மந்தி பண்ற ஞாயம். கல்யாண ஊட்டுக்குப் போவும்போது எவ தலையிலயும் பூ இருக்கக் கூடாதுன்னு வேன்ல ஏறச்சொல்லவே பிடுங்கிப் போட்டுட்டா. தோட்டக்காரியே இப்டி சொன்னா நாங்க எங்க போவறது?"

அப்போதுதான் பார்த்தேன். வேன் நிறைய வந்த பெண்களில் ஒருவர் தலையிலும் ஒரு துளி மல்லி இல்லை. பாக்கியம் தலையிலும் கையிலும் எதுவும் இல்லை. நான் கும்பிட்டேன். "ரெண்டு நாளா தோட்டத்துலயே கால் வெக்கலண்ணா" என்றார் அவர், மெதுவாக. "ஆளு வெச்சி பறிக்கச் சொல்லிட்டேன்."

உட்காரச் சொன்னால் உட்காராமல், மாலை எங்கே என்று கேட்டார். அறைக்குக் கூட்டிப் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மரிக்கொழுந்து கீதுண்ணா இங்க."

"இல்லவே இல்ல சம்மந்திம்மா. எல்லாம் எங்க கொல்லைப் பூ" என்றேன். என் மூக்கை நம்பிப் பேசியது அதுதான் கடைசி.

அவர் இலையை விலக்கி ஒரு மாலையைத் தூக்கினார். பூவின் அடியில் விரலை விட்டுப் பிரித்தார். ஒவ்வொரு கட்டிலும் பூவுக்குப் பின்னால் பச்சையாக ஒரு மரிக்கொழுந்துக் கீற்று ஒளிந்திருந்தது. மேலே இருந்து பார்த்தால் தெரியாது.

"அக்கா!" என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

அன்னம்மா அக்கா முகம் வெளுத்துப் போனாள். "பூவுதான சேக்கக் கூடாதுன்னீங்க? அது தழைதானடா! வாசனையே இல்லாத மாலையப் பொண்ணு மாப்ள கழுத்துல போட்டா நாலு பேரு இன்னா சொல்லுவாங்கன்னு, நல்லதுக்குத்தானடா சொருவுனேன்…" என்று வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். ஒரு மாலை என்றால் மரிக்கொழுந்து இருக்க வேண்டும் என்பது அவள் கைக்கு ஊறிப்போன பழக்கம். அவளை நான் என்ன சொல்வது? எஸ்தருடைய கார் வீட்டிலிருந்து கிளம்பிவிட்டதாக போன் வந்தது.

பாக்கியம் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "அழாத அக்கா. புது நாரு கீதா? அந்த வாளிய இப்டி தள்ளு."

இரண்டு மாலைகளையும் முழுதாக அவிழ்த்தார். மரிக்கொழுந்தை என்னிடம் கொடுத்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டு வரச் சொன்னார். தழையை ஒட்டியிருந்த பூவையும் ஒதுக்கினார். வாளியில் இருந்த புதுப் பூவைக் கிள்ளிக் கிள்ளி அக்கா எடுத்துக் கொடுக்க, இவர் கட்டினார். அந்த விரல்களின் வேகத்தை நான் எந்த மெஷினிலும் பார்த்ததில்லை. பூ போதாமல் மாப்பிள்ளை மாலை கொஞ்சம் ஒல்லியாகத்தான் வந்தது. "பரவால்ல, என் புள்ளைக்கு எதுக்குப் பெரிய மாலை" என்று முடிச்சைப் போட்டார். நான் ஜன்னலையெல்லாம் திறந்துவைத்து, வேட்டி நுனியால் அறைக்குள் விசிறிக்கொண்டிருந்தேன்.

கார் வந்து நிற்கும்போது அறையில் அவர் இல்லை. பின்பக்கக் குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி, கையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, மறுபடியும் சோப்பை எடுத்தார். அந்த அம்மாவுக்கு நான் வாயால் நன்றி சொன்னதே இல்லை. சொல்லப் போனால் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார். அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

எஸ்தர் வெள்ளைப் புடவையில் அறைக்குள் வந்தாள். கையில் ரூபி கட்டிய கொத்து. கொண்டைக்கு வைப்பதற்கென்று சின்னச் சின்னப் பூவாகப் பார்த்து ரூபி தனியாக ஒரு சரம் கட்டி வைத்திருந்தாள். அதை அவள், குழாயடியிலிருந்து வந்த பாக்கியத்திடம் நீட்டினாள்.

"நீங்களே வெச்சி வுடுங்க அக்கா."

பாக்கியம் ஓரடி பின்னால் போய்விட்டார். ஈரக் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"என் கை வாணாம்மா. எத்தினி வாட்டி கழுவுனாலும் போவாது. மல்லியிலயே ஊறுன கை இது. ஒரு தபா வெச்சிப் பாத்ததே போதும். நீயே வெச்சி வுடு."

எஸ்தர் கொத்தை என்னிடம் கொடுத்தாள். அவருக்குப் பின்னால் கையை விட்டு அந்த இரண்டு கைகளையும் முன்னால் இழுத்தாள். இழுத்து, தன் முகத்தை அந்த உள்ளங்கைகளில் வைத்து நன்றாக மூச்சை இழுத்தாள். ரூபி பதறிப்போய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உள்ளே பாட்டுக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். இழுத்த மூச்சு வெறும் மூச்சாகத் திரும்பி வந்தது.

"சோப்பு வாசனதான் அத்தே வருது" என்றாள் எஸ்தர், அந்தக் கையை விடாமலே. "வெச்சி வுடுங்க, டைம் ஆவுது."

பாக்கியம் சரத்தை வாங்கிக்கொண்டார். ரூபி பக்கத்தில் நின்று ஹேர்பின்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.